முகத்தில் வந்து வந்து போகும் தடம்: ஆயின்மென்ட் கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் 14 வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். சீட்டு இல்லாமல் வருகிறவர்கள் அதிகம் கேட்பது சளி, இருமல் மருந்து. அதற்கு அடுத்தபடி முகத்துக்கு ஆயின்மென்ட். "கன்னத்துல ஒண்ணு வருதுண்ணா. தானா போகுது. மறுபடி வருது. ஏதாவது குடுங்க" என்பார்கள். மேட்டுப்பாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும். கையில் ஐம்பது ரூபாய்த் தாள். நின்று பேச அவர்களுக்கும் நேரமில்லை.

அந்த அவசரத்தில் ஒரு டியூபை எடுத்து நீட்டுவது எங்களுக்குச் சுலபம். ஆனால் வருது, போகுது, மறுபடி வருது என்று அவர்கள் சொல்வதிலேயே பாதித் துப்பு இருக்கிறது. எந்த இடத்தில் வருகிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறது, எதற்குப் பிறகு வருகிறது? இந்த மூன்றும் தெரிந்தால் தேட வேண்டிய திசை பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாமல் பூசினால் தடம் ஒருவேளை மறையும், காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நான் தோல் மருத்துவர் இல்லை. நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலையும் இல்லை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதையும், சீட்டுகளில் படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் முகத்தில் இருப்பது எந்தத் தலைப்பில் பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன்னால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

உதடு, நாக்கு, கண் இமை திடீரென்று வீங்கி, கூடவே மூச்சு இறுக்கமோ குரல் கம்மலோ இருந்தால் வேறு எதுவும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும், அதனால் 'கொஞ்சம் பார்ப்போம்' என்பது இங்கே சமவெளியைவிட ஆபத்தானது.

புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் அல்லது உரிதல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நெற்றியில், கண்ணைச் சுற்றி, மூக்கு நுனியில், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலியோடு கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். அக்கி எழுத ஆள் தேடிக்கொண்டு இரண்டு நாளைக் கழிக்காதீர்கள். வைரஸுக்கான மாத்திரை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், கண்ணுக்குப் பரவினால் பார்வைக்கே கேடு. செம்மண் பூசுவது குளிர்ச்சியாக இருக்கலாம், ஆனால் வைரஸை அது தொடாது.

தேடத் தொடங்கும் முன்

தடம் இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும் ஒரே ஜன்னல் ஓரத்தில், காலை வெளிச்சத்தில் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அழகுபடுத்தும் ஃபில்டர் போட்ட கேமரா வேண்டாம், அது எதைப் பார்க்க வேண்டுமோ அதையே அழித்துவிடும். நீங்கள் டாக்டரைப் பார்க்கும் நாளில் தடம் இருக்காது. இது அநேகமாக எல்லாருக்கும் நடக்கிறது. அப்போது படம்தான் பேசும்.

அப்புறம் ஒரு மாதக் காலண்டர். தடம் வந்த நாளில் 'த'. மாத்திரை போட்ட நாளில் 'ம', பக்கத்தில் அதன் பெயர். தலைக்கு டை, புது சோப்பு, வெயிலில் நெடுநேர வேலை, பைக்கில் நெடுந்தூரம் என்று வழக்கத்துக்கு மாறான எதையும் ஒரு சொல்லில் எழுதினால் போதும். இரண்டு மாதம் எழுதுங்கள்.

முகத்தில் பூசுவதை எல்லாம் மூன்று வாரம் நிறுத்திப் பார்ப்பதும் நல்லது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிவப்பழகுக் களிம்பையோ அரிப்புக் களிம்பையோ மாதக்கணக்கில் பூசி வருகிறவர்களும் அப்படியே நிறுத்தாமல், கீழே 'பூசினால் போகிறது' என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

ஒரே இடத்தில், வட்டமாக, ஊதா நிறத்தில் திரும்பத் திரும்ப வருகிறது

நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். காரணம் தெரிந்தால் முழுதாக நிறுத்திவிடக்கூடிய ஒன்று இது. தெரியாததால்தான் பலர் வருடக்கணக்கில் சுமக்கிறார்கள்.

கீழ்கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. மேலுதட்டுக்கு மேலே, மூக்கின் வலது ஓரமாக, ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சின்ன வட்டம். நடுவில் நாவல்பழ நிறம், ஓரத்தில் மெல்லிய சிவப்பு வளையம், திசைகாட்டி வைத்து வரைந்ததுபோல் விளிம்பு. "மாசா மாசம் வருது தம்பி. நாலு நாள் காந்துது, அப்புறம் கறுத்துப்போயிருது. அந்தக் கறுப்பு மங்கறதுக்குள்ள அடுத்தது வந்துருது" என்றார். மாமியார் கண்ணேறு என்று சுற்றிப் போட்டிருக்கிறார். பக்கத்து லைன் வீட்டில் ஏதோ பூச்சி எச்சம் என்றிருக்கிறார்கள். அக்காவுக்கு உடம்புச் சூடு என்று எண்ணம், மோரும் வெந்தயமுமாகக் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று கடைகளில் மூன்று டியூப் வாங்கிப் பூசியிருந்தார்.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்து, தடம் வந்தால் 'த', எந்த மாத்திரை போட்டாலும் 'ம' என்று எழுதச் சொன்னேன். "நான் மாத்திரையே போடறதில்லையே" என்றார். "சும்மா எழுதுங்கக்கா, தலைவலி மாத்திரைன்னாலும் எழுதுங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாள் நான்காக மடித்து, ஓரமெல்லாம் தேயிலைக் கறையோடு வந்தது. முதல் மாதம் 11-ஆம் தேதி ஒரு 'ம', 12-இல் 'த'. அடுத்த மாதம் 9-இல் 'ம', அன்றைக்கே ராத்திரி என்று எழுதி 'த'. வேறு எங்கும் எதுவும் இல்லை. "இதென்னக்கா 'ம'?" என்று கேட்டதற்கு, "அது தூரமாகுற நாள்ல வயித்து வலிக்குப் போடறதுப்பா. அது மாத்திரைக் கணக்கா?" என்றார்.

அவர் சேலை முனையில் முடிந்து வைத்திருந்த பேப்பர் பொட்டலத்தில், பட்டையிலிருந்து வெட்டிய ஒரே ஒரு மாத்திரை இருந்தது. வெட்டிய இடத்தில் பெயரில் பாதி போயிருந்தது, மீதியைக் கொண்டு கண்டுபிடித்தேன்: மெஃபனாமிக் அமிலம். மாதவிலக்கு வலிக்கு நம் ஊரில் மிகச் சாதாரணமாகக் கொடுப்பது. அவரைத் தாளோடும் மாத்திரையோடும் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் தாளைப் பார்த்ததும் வேறு பரிசோதனை எதுவும் எழுதவில்லையாம், அந்த மாத்திரை இனி வேண்டாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

நடப்பது இதுதான். சிலர் உடம்பு ஒரு குறிப்பிட்ட மருந்தை ஏற்பதில்லை. அந்த ஒவ்வாமை உடம்பு முழுக்க வராமல் தோலில் ஓரிரு இடத்தில் மட்டும் வெளிப்படும். முதல் முறை அது நடந்த இடத்திலேயே நோய் எதிர்ப்பு அணுக்கள் சில தங்கிவிடுகின்றன, காவலுக்கு நிற்கிறதுபோல. அடுத்த முறை அதே மருந்து உள்ளே போனதும் அவை அதே இடத்தில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் தடம் இடம் மாறுவதில்லை. மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும், சிலருக்கு ஒரு நாள் ஆகலாம். முதலில் காந்தல் அல்லது அரிப்பு, பிறகு சிவப்போ ஊதாவோ, சில சமயம் நடுவில் கொப்புளம். ஆறியபின் சாம்பலும் பழுப்பும் கலந்த கறை மாதக்கணக்கில் நிற்கும். உதடு, உதட்டைச் சுற்றிய இடம், கை, கால், பிறப்புறுப்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

இப்படிச் செய்யக்கூடியவை என்று நன்றாகத் தெரிந்த மருந்துகள்: வலி மாத்திரைகளில் பல, பாரசிட்டமால்கூடச் சிலருக்கு, சல்ஃபா வகையான கோட்ரைமாக்சசோல், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல், டெட்ராசைக்ளின் வகை, பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல். ஆகவே 'எப்பவாவது வருது' என்கிறவர்கள் கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, எப்போது வயிற்றால் போனது என்று யோசியுங்கள். நோய் நினைவிருக்கும், மாத்திரை நினைவிருக்காது.

இங்கே என் தொழில்காரர்களிடமும் மனத்தாங்கல் உண்டு. காய்ச்சல் செட் என்று நாலைந்து மாத்திரையைப் பெயர் தெரியாமல் கவரில் போட்டுக் கொடுக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கேளுங்கள்: "பேர் தெரியற மாதிரி வெட்டிக் குடுங்க, இல்லேன்னா கவர்ல எழுதிக் குடுங்க." கேட்பது உங்கள் உரிமை.

சந்தேகப்படும் மாத்திரையை 'சரிதானா பார்ப்போம்' என்று வீட்டில் மறுபடி போட்டுப் பார்க்கவே கூடாது. அடுத்த முறை ஒரு தடமாக நிற்காமல் உடம்பெங்கும் கொப்புளமாக வரலாம். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். அந்த அக்கா வெட்டிய பட்டையையே காப்பீட்டு அட்டை உறைக்குள் செருகி வைத்திருக்கிறார். அவருக்குப் புதிய தடம் வரவில்லை, பழைய கறை மட்டும் மெல்ல மெல்ல வெளுத்து வருகிறது.

தடிப்பாக வந்து சில மணி நேரத்தில் சுவடில்லாமல் போகிறது

கன்னத்திலோ நெற்றியிலோ கொசு கடித்ததுபோல் திட்டுத் திட்டாகத் தடித்து, தாங்க முடியாமல் அரித்து, மாலைக்குள் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுகிறதா? நம் பெரியவர்கள் காணாக்கடி என்று எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! கடித்ததைக் கண்ணால் காண முடியாது, ஏனென்றால் பெரும்பாலும் எதுவும் கடிக்கவில்லை.

உறுதிப்படுத்த ஒரு சின்ன வேலை. கண் மைப் பென்சிலால் ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் இருந்த தடிப்பு மறைந்தோ நகர்ந்தோ போனால் காணாக்கடிதான். அதற்கு மேலும் அங்கேயே நின்று, ஆறும்போது கன்றியதுபோல் கறை விட்டால் அது வேறு, டாக்டர் பார்க்க வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை ஊட்டிப் பக்கம் பனி உறையும்போது முகத்தை மூடாமல் பைக்கில் போய், டீக்கடை அடுப்போரம் நின்று உடம்பு சூடாகும் நேரத்தில் கன்னமும் மூக்கும் தடித்து அரிக்கிறதென்றால், குளிரே உங்களுக்கு ஒவ்வாமையைக் கிளப்பலாம். டாக்டர் முன்கையில் ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் வைத்து எடுத்துப் பார்ப்பார், வைத்த இடம் தடித்தால் விடை கிடைத்துவிடும். இது உள்ளவர்கள் அருவியிலோ குளிர்ந்த நீர்நிலையிலோ ஒரேயடியாக இறங்கவே கூடாது. உடம்பு முழுதும் ஒரே சமயத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது என்பவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூசினால் போகிறது, நிறுத்தினால் எரிச்சலோடு திரும்புகிறது

என் சொந்த அக்காவின் கதை இது. கன்னத்தில் லேசாக மங்கு விழுந்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். கடையில் எல்லாரும் கேட்டு வாங்கிப் போகும் களிம்பு ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஹட்டியில் (படுகர் கிராமத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எல்லாரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்களாம். எட்டு மாதம் பூசினாள். ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது டியூபை மறந்துவிட்டுப் போனாள். நான்காம் நாள் ஃபோன்: "முகம் நெருப்பு மாதிரி எரியுதுடா. தண்ணி பட்டாக்கூட எரியுது."

திரும்பி வந்தபோது பார்த்தேன். கன்னம் முழுக்கச் சிவப்பு, மேலே பொடிப்பொடியாகப் பரு, வெளிச்சத்தில் பார்த்தால் தோலுக்கடியில் நூல்போல் ரத்தக் குழாய்கள், தாடையோரம் புதிதாகப் பூனைமுடி. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. பெட்டியில் எழுதியிருந்தது, நான் படித்துக் காட்டவில்லை. தோல் பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அவள் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கும்.

டியூபில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. அது கெட்ட மருந்தில்லை. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லிப் போட்டால் நல்ல மருந்து. முகத்தின் தோல் மெல்லியது, உள்ளங்கையில் ஒன்றும் செய்யாத வீரியம் கன்னத்தை அரித்துவிடும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டில்லாமல் கேட்கிறார்கள், கிடைக்கவும் செய்கிறது.

படர்தாமரை இருந்து அதன்மேல் இதைப் பூசினால் இன்னொரு குழப்பம். அரிப்பு அடங்கும், வட்டம் கலைந்து வேறு எதையோபோலத் தெரியும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வரும்.

இந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்தினால் டியூபைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். டியூபோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாக எப்படி விடுவது என்று அவர் சொல்வார். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவதுதான் இந்தச் சுழலின் பிடி. எரிச்சல் நாளாக நாளாகத் தணியும்.

பெயரே எழுதாத, எழுதியிருந்தாலும் எங்கே தயாரித்தது என்று தெரியாத வெளுப்புக் களிம்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் பாதரசம் இருக்கலாம். கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கினால் வரும் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023-இல் வெளிவந்தது.

இரண்டு கன்னத்திலும் பழுப்பாக, வெயில் காலத்தில் கூடிக் குறைகிறது

இது பெரும்பாலும் மங்கு. கன்ன மேடு, நெற்றி, மேலுதடு என்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். அரிக்காது, எரியாது. கர்ப்ப காலத்தில் வரலாம், கருத்தடை மாத்திரையால் வரலாம், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரலாம். எல்லாவற்றையும் தூண்டிவிடுவது வெயில்.

"இங்கே எங்கண்ணா வெயில்? எப்பவும் மூட்டம்தானே" என்பார்கள். குளிரை வைத்து வெயிலை அளக்கக் கூடாது. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், ஊட்டி 2,240. மெல்லிய மேகமும் மூடுபனியும் அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுக்காமல் கீழே விட்டுவிடும். சமவெளியில் சூடு தாங்காமல் நிழலுக்கு ஓடுவோம். இங்கே குளிருக்கு இதமாக இருக்கிறதென்று வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருகிறோம். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கும், கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் தலைத்துணி மட்டும் போதாது, முகத்துக்கு நிழல் விழும்படி விளிம்புள்ள தொப்பி வேண்டும். சன்ஸ்கிரீன் என்றால் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்து முழுக்க. வெளியில் வேலை என்றால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மறுபடி. மங்குக்கு, தோல் நிறம் கலந்த இரும்பு ஆக்சைடு உள்ள வகை கூடுதல் பலன் தரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டுகிறது.

பழுப்பு ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருந்தால், அந்தப் பக்கம் என்ன படுகிறது என்று பாருங்கள். டாக்ஸி ஓட்டும் அண்ணன்களுக்கு வலது கன்னம் கூடுதலாகக் கறுத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் புற ஊதாவில் ஒரு பகுதி உள்ளே வரும்.

நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் கறுப்புத் தடித்து வெல்வெட் துணிபோல் இருந்தால், கழுத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் இருந்தால் களிம்பை விட்டுவிட்டு முதலில் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

கன்னமும் மூக்கும் சிவந்து காந்துகிறது

ரோசேசியா என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வருவதென்று நினைத்து நம்மிடையே தவறவிடுகிறார்கள். மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது, காந்தல்தான் தெரியும். கரும்புள்ளி இல்லாத பரு, கொதிக்கக் கொதிக்க டீ குடித்ததும் முகம் சூடேறுவது, கணப்பின் முன் உட்கார்ந்தால் கூடுவது, குளிர்காற்றில் எரிவது ஆகியவை அதன் குறிகள். டீயை விட வேண்டியதில்லை, ஆற்றிக் குடித்தால் போதும்.

புருவத்திலும் மூக்கின் இரு மடிப்பிலும் சிவப்போடு செதில் உதிர்ந்தால் பொடுகின் நீட்சி. தலையைக் கவனித்தால் முகம் சரியாகும். கெட்டோகோனசோல் ஷாம்புவை ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

மூக்கின் மேல்பக்கமும் இரு கன்னமும் சிவந்து, மூக்கோர மடிப்பு மட்டும் விடுபட்டு, வெயிலில் கூடி, கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முடி உதிர்வு, சோர்வு இருந்தால் அது உள் உறுப்புகளையும் பிடிக்கும் லூபஸாக இருக்கலாம். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். ரத்தப் பரிசோதனை செய்யத் தாமதிக்காதீர்கள்.

வெளுத்த திட்டு

பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் விளிம்பு தெளிவில்லாமல், லேசாகப் பொடி உதிரும் வெளிர் திட்டு. அம்மாக்கள் பூச்சி மாத்திரைதான் கேட்பார்கள். வயிற்றுப் பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வறண்ட காற்றும் வெயிலும் சேர்ந்து செய்வது. குளித்ததும் ஈரத்தோடு வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவி, முகத்துக்குக் காரமான சோப்பைக் குறைத்தால் மாதங்களில் தானாக நிறம் திரும்பும்.

பால் வெள்ளையாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். அது ஒட்டாது, தொற்றாது. தொடக்கத்தில் வைத்தியம் பார்த்தால் பலன் அதிகம்.

திட்டு வெளுத்தோ சிவந்தோ இருந்து, அரிக்காமல், களிம்பு எதற்கும் அசையாமல் மாதக்கணக்கில் நின்றால் தொழுநோயா என்று பார்த்துவிட வேண்டும். உணர்ச்சி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முகத்தில் நரம்பு நிறைய, அதனால் அங்கே உணர்ச்சி முழுதாகக் குறையாமலும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். முழுதாகக் குணமாகும். இந்தப் பெயரைக் கேட்டாலே கடையில் முகம் வாடிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட வேண்டியதில்லை.

உதட்டோரக் கொப்புளம், காலையில் விழித்தால் கோடு

உதட்டு விளிம்பில் முதலில் குறுகுறுப்பு, மறுநாள் கொத்தாகப் பொடிக் கொப்புளம், பத்து நாளில் பொருக்காகி உதிர்வது, காய்ச்சலோ வெயிலோ குளிரோ வந்தால் அதே இடத்தில் திரும்புவது: இது ஹெர்பிஸ் வைரஸ். கொப்புளம் இருக்கும்வரை கைக்குழந்தையை முத்தமிடாதீர்கள், பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து.

இரவில் நன்றாக இருந்து, காலையில் கன்னத்திலோ கழுத்திலோ சாட்டையால் அடித்ததுபோல் நீளமாகச் சிவந்து எரிந்தால், படுக்கையில் ஒரு சின்ன வண்டை நசுக்கியிருப்பீர்கள். ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, எறும்பைப்போல் நீண்ட உடம்பு. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது. நசுங்கினால் வரும் நீர்தான் தோலைச் சுடும். எரிச்சல் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எதைத் தொட்டதோ அங்கே

மேலே எதுவும் பொருந்தவில்லையென்றால் தடத்தின் வடிவத்தைப் பாருங்கள். வடிவமே பெரும்பாலும் சொல்லிவிடும். பொட்டு வைக்கும் இடத்தில் அதே வட்டத்தில் வெளுப்பு என்றால் ஸ்டிக்கர் பசை. நெற்றியும் முடியோரமும் காதோரமும் மாதாமாதம் அரித்துக் கறுத்தால் தலை டை. மூக்கு மேட்டில் என்றால் கண்ணாடிச் சட்டம். தாடையோரம் என்றால் மப்ளர், கம்பளிக் குல்லா. இமையில் என்றால், ஆச்சரியப்படாதீர்கள், நகப்பூச்சு: நகத்தில் ஒன்றும் ஆகாது, கண்ணைக் கசக்கும்போது இமையில் ஒட்டும்.

நம் ஊருக்கே உரியது தைலம். யூகலிப்டஸ் தைலம் இங்கே காய்ச்சுவதென்பதால் நமக்கு அதில் பாசம் அதிகம். தும்மல் வந்தால் மூக்கோரம், தலை பாரமென்றால் நெற்றி. தண்ணீர் கலக்காத தைலத்தைத் தினமும் தடவினால் மூக்கைச் சுற்றிச் சிவந்து உரியும், அதைப் பனிவெடிப்பு என்று நினைத்து மறுபடி அதையே தடவுகிறவர்கள் உண்டு. கைக்குழந்தையின் முகத்தில், மூக்கருகில் அதைத் தடவவே கூடாது, மூச்சு அடைக்கும். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைக் கவாத்து செய்யும் நாள்களில் மட்டும் இமையும் கன்னமும் வீங்கி அரிக்கிறதென்றால் அந்த மரமே காரணமாக இருக்கலாம், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

முகத்தில் எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் போவதும் வேண்டாம். சாறு வழிந்த தடத்திலேயே கருங்கோடு விழும், போக மாதங்கள் ஆகும்.

தலை டையை மாற்றுகிறவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். எதைத் தொட்டால் வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லையென்றால், முதுகில் சிறு சிறு பட்டைகளாக ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை உண்டு. தோல் டாக்டரிடம் அதைக் கேளுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவைக்கோ போகும்போது ஃபோனில் எடுத்த படங்கள், அந்தக் காலண்டர் தாள், பூசியதும் விழுங்கியதுமான எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலி டியூபையும் சேர்த்துத்தான். வீட்டில் தேடும்போது தலையணைக்கடியில், சாமி அலமாரியில், சேலை முடிச்சில் என்று ஓர் இடம் விடாமல் பாருங்கள்.